மரத்தைப் பற்றி அதில் எழுதவில்லை

அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் பத்ரிய்யாவுக்கு வீடு லேசாக மிதக்க ஆரம்பித்துவிடும். இரவில் விழுங்கியது காலையிலும் முழுசாக இறங்காது. ரொட்டி அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் தட்டும்போது, தட்டுகிற கை தன்னுடையதுதானா என்று ஒரு சந்தேகம் வரும். முற்றத்துச் சுவருக்கு அப்பால் பேரீச்ச மரங்களின் தலைகள் மெல்ல அசையும். மரங்கள் அசைகின்றனவா, தான் அசைகிறோமா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஓடையில் கடல் ஏற்றம் வந்து தண்ணீர் படிக்கட்டை நனைத்துவிட்டுப் போயிருக்கும். அது எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் போகிறது, வாந்தி நின்றுவிட்டதே. அது போதும் அவளுக்கு.

அபுல் கஸீப் என்கிற இந்த ஊரில் பிள்ளை இல்லாதவனை அப்படிச் சொல்லி இடித்துக் காட்ட யாருக்கும் வாய் வராது. 'அபூ காயிப்' என்பார்கள். அபூ என்றால் அப்பா, காயிப் என்றால் இங்கே இல்லாதவன். பிள்ளை இல்லை என்று யார் சொன்னது, இருக்கிறான், இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று அர்த்தம். பத்ரிய்யாவின் கணவன் மிஸ்ஹிர் கல்யாணமான காலத்திலிருந்து அபூ காயிபாகவே இருந்தான். அவள் உம் காயிப், காயிபின் அம்மா. ஊரார் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும் அவளுக்குச் சுருக்கென்று ஏதோ குத்தும். வராதவன் எந்தச் சந்தில் நின்று கதை பேசிக்கொண்டிருக்கிறானோ என்று அவனைத் திட்டியும் இருக்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தக் காயிப் புறப்பட்டு அவள் வயிறுவரை வந்துவிட்டான். வருகிறவன் சும்மா வரவில்லை. தண்ணீர் குடித்தாலும் அவளுக்கு வெளியே வந்தது. கடைசியில் மருத்துவமனை டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடை நிப்ராஸ் அதை எடுத்துக் கொடுத்தாள். நிப்ராஸையும் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ராத்திரி படுக்கப் போறப்ப ஒண்ணே ஒண்ணு. நல்லா தூக்கம் வரும், பயப்படாதே. போட்டுக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாது, மெஷின் பக்கம் போகக் கூடாது."

"வண்டியா? எனக்குக் கழுதையைக்கூட ஓட்டத் தெரியாது டாக்டர்."

"அடுத்தவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாட்டைப் பாடுறேன். கேட்டுக்கிட்டுப் போ" என்று நிப்ராஸ் சிரித்தாள்.

மிஸ்ஹிருக்கு இருந்த தொந்தரவு வேறு. அவன் தொழில் பேரீச்ச மரம் ஏறுவது. குளிர் விட்டு வெயில் தொடங்கும் நாட்களில் ஆண் மரத்துப் பாளைகளை வெட்டி, அந்தப் பூச்சரங்களைப் பையில் போட்டுக்கொண்டு, பெண் மரம் ஒவ்வொன்றாக ஏறுவான். வெடித்திருக்கும் பாளைக்குள் சரத்தைச் செருகிக் கட்டிவிட்டு இறங்குவான். இதைச் செய்யாவிட்டால் காய் காயாக இருக்காது, கொட்டையில்லாத சக்கையாகத் தொங்கும். பாளை வெடித்தால் சில நாள்தான் பொறுக்கும். மனிதனுக்காகக் காத்திருக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது.

அந்தப் பூந்தூள்தான் மிஸ்ஹிருக்கு ஆகவில்லை. முதலில் எப்போதாவது ஒரு தும்மல் என்றுதான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் கூடி, இந்த வருஷம் கண் இரண்டும் தக்காளியாகிவிட்டன. தேநீர்க் கடையில் அவன் பாடு சொல்லி முடியாது. "அபூ காயிப், கீழே இருந்தே தும்மு. தூள் தானா மேல போய் ஒட்டிக்கும்" என்பான் ஒருவன். "மாப்பிள்ளைக்குப் பொண்ணு வாசனை ஒத்துக்கலையாம்" என்பான் இன்னொருவன். மிஸ்ஹிரும் சேர்ந்து சிரிப்பான். சிரிப்பு முடிவதற்குள் தும்மல் வந்துவிடும்.

பத்ரிய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உச்சியில் நின்று அப்படித் தும்மினால் கால் என்ன ஆகும்? ஒரு தும்மலில் மனிதன் கண்ணை மூடித்தானே ஆகவேண்டும்? முற்றத்தில் உட்கார்ந்து அவள் பயந்ததெல்லாம் இந்தத் தும்மலுக்குத்தான்.

ஒரு மாலை அவன் அவளுடைய மாத்திரை டப்பாவைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை விளக்கடியில் பிடித்துப் படித்தான்.

"தும்மல், மூக்கு ஒழுகறது, கண் அரிப்பு, தோல் தடிப்பு, வாந்தி, பிரயாணத்துல குமட்டல், தூக்கம் வராதது… அடியே, இது மாத்திரையா, மந்திரவாதியா? ரொட்டி சுடுறது ஒண்ணுதான் இதுல இல்ல."

"அது எனக்குக் கொடுத்தது."

"உன் வயித்துல இருக்கறதுல பாதி என்னுதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. மாத்திரையில மட்டும் எனக்குப் பங்கு கிடையாதா?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு மாத்திரையைத் தட்டி அவன் உள்ளங்கையில் வைத்ததும் அவள்தான். தும்மல் நின்றால் அவன் விழமாட்டான். அவளுக்குத் தோன்றியது அவ்வளவே.

அன்று அவன் தும்மாமல் தூங்கினான். காலையில் கண்ணின் சிவப்பு வெளுத்திருந்தது. பாலாடையும் பேரீச்சம்பாகும் ரொட்டியில் தடவிக்கொண்டே இன்னொரு மாத்திரையைக் கேட்டான்.

"ராத்திரிக்கு மட்டும்னு சொன்னாங்களே."

"உனக்கு வாந்திக்கு ராத்திரி. எனக்குத் தும்மல் பகல்லதானே வருது?"

அவள் தலை தெளிவாக இல்லை. ஆனால் நிப்ராஸ் பாடிய பாட்டு மட்டும் எங்கிருந்தோ ஞாபகத்துக்கு வந்தது. "இதைப் போட்டா வண்டி ஓட்டக் கூடாதாம். கண்டிப்பா சொன்னாங்க."

மிஸ்ஹிர் யோசித்தான். தாளை மறுபடி எடுத்துப் பார்த்தான். வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரம் இயக்கக் கூடாது என்று தெளிவாகத்தான் இருந்தது. மரத்தைப் பற்றி அதில் எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினான்.

"பாத்துக்கோ. சொன்ன சொல்லை மீறாதவன் உன் புருஷன்."

மரத்தையும் இடுப்பையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு ஏறுகிற இடுப்பு வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நடந்தே போனான். எவ்வளவு அடக்கமான மனிதன் என்று அவள் வாசலில் நின்று பெருமைப்பட்டாள். இருவரில் ஒருவருக்காவது அன்று தலை நேராக இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

தோப்புக்குள்ளேதான் வீடுகளும் இருக்கின்றன. மர உச்சியில் நிற்பவனுக்கு எல்லா முற்றங்களும் தெரியும். முற்றத்தில் பெண்கள் தலைமுடியை விரித்துப் போட்டிருப்பார்கள். அதனால் ஏறுகிறவன் பாதி மரத்தில் நின்று "யா அல்லாஹ்!" என்று உரக்கக் குரல் கொடுப்பான். கீழேயிருந்து யாராவது ஒருத்தி துணியைத் தலையில் இழுத்துக்கொண்டு, "ஏறுங்க, வழி இருக்கு" என்பாள். ஆண்கள் அடுத்த வீட்டு வாசலில் நுழையும்போதும் இதே குரல்தான். அதைக் கேட்டால் உள்ளே இருக்கும் வீட்டுக்காரன் "வாங்க, வாங்க" என்று எழுந்து வருவான். இந்த ஊரில் அந்தக் குரலுக்கு எழாத ஆண்பிள்ளை கிடையாது.

பத்ரிய்யா அந்தக் குரலைக் கொண்டே கணவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள். குரல் ஹாஜியின் மூலைத் தோப்பிலிருந்து வந்தது. பிறகு மாதுளைச் செடிகள் பக்கமிருந்து. பிறகு ஓடைக்கரையிலிருந்து. இன்று நடுவில் ஒரு தும்மல்கூட இல்லை. அவள் மாவைத் தட்டினாள். குரல் கொஞ்சம் இழுத்தாற்போல் இருந்தது, பாட்டுக்காரன் பாட்டை முடிக்க மனசில்லாமல் நீட்டுகிற மாதிரி. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். அடுப்பின் சூடு முகத்தில் பட்டது. வெயிலில் மஞ்சள் தூள் மிதந்து வந்து மாவின்மேல் படிந்தது. மாவு வெகு மென்மையாக இருந்தது, தலையணை போல.

கருகல் வாசனை அவளை எழுப்பியது.

சுடுவதற்காக அடுப்பின் உட்சுவரில் அறைந்திருந்த ரொட்டி கரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கன்னத்தில் மாவு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தோப்பில் காக்கை சத்தம், தண்ணீர் சத்தம். குரலை மட்டும் காணவில்லை. காது கொடுத்துக் காத்திருந்தாள். இவ்வளவு நேரத்தில் அடுத்த மரத்துக்குப் போயிருக்க வேண்டும். குரல் வரவே இல்லை.

உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டேனே என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். உடனே அடுத்த நினைப்பு வந்தது. அவரும் அதே மாத்திரையைத்தானே போட்டிருக்கிறார், ராத்திரியும் காலையிலுமாக. அவர் உட்கார்ந்திருக்கிற இடம் எது?

மாவுக் கையோடு வெளியே வந்தாள். ஓட வேண்டும் என்று மனசு சொன்னது. கால் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாகத்தான் எழுந்தது. தோப்புக்குள் வெளிச்சம் பச்சையாகவும் மஞ்சளாகவும் தொங்கியது. பூந்தூள் இறங்கிக்கொண்டே இருந்தது, தரையைத் தொடுவதற்கு அவசரம் இல்லாமல். ஓடைமேல் போட்ட பலகையில் நடக்கும்போது கீழே வானம் தெரிந்தது, அதற்குள் மரங்கள் தலைகீழாக நின்றன. கண்ணை மூடாதே, கண்ணை மூடாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அவன் உம் நாஹித் வீட்டுச் சுவரை ஒட்டிய நெட்டை மரத்தின் உச்சியில் இருந்தான். இடுப்பு வடத்தில் முதுகை முழுசாகச் சாய்த்து, மோவாய் மார்பில் பட, ஒரு கை பக்கத்தில் தொங்க, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் மட்டை அடிக்கட்டையில் ஊன்றியிருந்தது. இன்னொரு கால் செருப்பைக் கீழே விட்டுவிட்டுச் சும்மா தொங்கியது. காற்று வந்தால் மரம் அவனைத் தொட்டில்போல ஆட்டியது. பைக்குள்ளிருந்து மஞ்சள் தூள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தி, வெயிலில் இறங்கி வந்து அவள் முகத்தில் விழுந்தது. இவ்வளவு அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை. இவ்வளவு பயந்ததும் இல்லை.

துணி காயப்போட வந்த உம் நாஹித் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். அந்த வீட்டு விதவை; குரலுக்குப் பேர் போனவள். கூவுவதற்கு வாயைத் திறந்தாள். பத்ரிய்யா பாய்ந்து மாவுக் கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"கத்தாதீங்க, மாமி. திடுக்குனு முழிச்சா செத்தாரு."

மரம் ஏறுகிறவன் பெண்டாட்டிக்கு இது தெரியும். வடம் மரத்தைக் கவ்விப் பிடிப்பது ஆள் பின்னால் சாய்ந்திருக்கும்வரைதான். முன்னால் வந்தால் வடம் தளர்ந்துவிடும். தளர்ந்தால் அவனோடு சேர்ந்து கீழே வரும். தூங்குகிறவரை அவனுக்கு ஆபத்தில்லை. விழிக்கிற அந்தக் கணத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

உம் நாஹித் புரிந்துகொண்டு தலையாட்டினாள். பத்ரிய்யா கையை எடுத்தாள். பாவம் அந்தப் பெண், மேலே இன்னொரு முறை பார்த்ததும் நெஞ்சு தாங்கவில்லை. கையை மார்பில் வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ்!" என்றாள்.

வேண்டுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் குரலுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கம் இல்லை.

மேலே மிஸ்ஹிரின் தலை அசைந்தது. தூக்கத்துக்குள் யாரோ வாசலில் வந்து நிற்கிறார்கள். கண் திறக்கவில்லை; முகம் மட்டும் மலர்ந்தது.

"வாங்க, வாங்க" என்று குழறினான். "உங்க வீடுதான்… வாங்க."

விருந்தாளியை வரவேற்க எழுந்தான்.

முதுகு வடத்தைவிட்டு முன்னால் வந்தது. வடம் தொய்ந்து சர்ரென்று ஒரு சாண் இறங்கியது. மட்டைத் துண்டு ஒன்று உதிர்ந்து பத்ரிய்யாவின் காலடியில் விழுந்தது. உம் நாஹித் தலைத்துணியின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அலறல் பத்ரிய்யாவின் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, கூடத்துக்குள் நுழைகிற விருந்தாளியின் குரலில், சாவதானமாகச் சொன்னாள்:

"எந்திரிக்காதீங்க, அபூ காயிப். உங்க தலைமேல ஆணை, எந்திரிக்காதீங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க. திண்டுல சாஞ்சுக்குங்க. எனக்காக எந்திரிச்சா நான் இப்படியே திரும்பிப் போயிடுவேன்."

எழுந்துகொண்டிருந்த உடம்பு தயங்கியது. விருந்தாளியைத் திருப்பி அனுப்புவதா? அப்படியொரு அவமானம் அந்த வீட்டுக்கு வரலாமா? மிஸ்ஹிர் பின்னால் சாய்ந்தான். வடம் இறுகி மரத்தைக் கவ்வியது.

"அல்லாஹ் பில்கைர்" என்றான், வந்தவர் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் சொல்கிற முறைப்படி.

"அல்லாஹ் பில்கைர்" என்றாள் அவள். குரலை நடுங்கவிடவில்லை. "உடம்பு எப்படி இருக்கு? வீட்டுல எல்லாரும் சுகமா?"

"சுகம்… எல்லாம் சுகம். பத்ரிய்யா, தேநீர் கொண்டா."

"வருது, வருது. நீங்க சாஞ்சே இருங்க. தொங்கப் போட்டிருக்கீங்களே அந்தக் காலை, அதை மெதுவா எடுத்து வைங்க. விருந்தாளி முன்னாடி இப்படியா?"

காலை எடுத்து வைத்தான். கட்டையைக் கால் தானாகவே தேடிக்கொண்டது.

"கையால பக்கத்துல இருக்கற மட்டையைப் பிடிங்க. ஆங். இன்னும் சாயுங்க. இப்ப மெதுவா கண்ணைத் திறங்க. மெதுவா. ஒரு அவசரமும் இல்ல."

அவன் கண் திறந்தது. முதலில் வானத்தைப் பார்த்தான். பிறகு பாளையை. பிறகு வெகுநேரம் கீழே பார்த்தான்.

"பத்ரிய்யா" என்றான். "நீ ஏன் அவ்வளவு கீழ இருக்கே?"

"சாயுங்க" என்று மட்டும் சொன்னாள். சாயுங்க, காலை இறக்குங்க, வடத்தை இறக்குங்க, மறுபடி சாயுங்க. நடுவில் அவன் கண் செருகும்போதெல்லாம் விருந்தாளியாகி, "அப்புறம் என்ன சேதி?" என்று கேட்டாள். அவனும் மேலேயிருந்து சேதி சொன்னான். உம் நாஹித் வீட்டிலிருந்த மெத்தை, தலையணை, ஆட்டுத்தோல் விரிப்பு எல்லாவற்றையும் அள்ளி வந்து மரத்தடியில் குவித்தாள். கடைசியில் அவன் பாதம் அந்தக் குவியலில் அமிழ்ந்தது. வடத்தைக்கூட அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான் வண்டி ஓட்டலையே" என்றான்.

பத்ரிய்யா இரண்டு கையாலும் அவன் தோளில் அடித்தாள். அடித்துவிட்டு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அவன் சட்டையெல்லாம் மாவு.

அங்கேயே, அந்த மெத்தைமேல் அவன் மாலைவரை தூங்கினான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை அவன் சட்டை நுனியை முறுக்கிப் பிடித்திருந்தது. வெயில் சாய்ந்ததும் உம் நாஹித் தன் படகை அவிழ்த்து இருவரையும் ஏற்றிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள். கதையையும் அவள்தான் சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி.

நிப்ராஸ் முகம் வெளுத்துப்போனது. "ராத்திரி போட்டது உடம்பைவிட்டு இறங்கறதுக்கு முன்னாடி அதுமேல இன்னொண்ணா? அதுவும் அடுத்தவங்களுக்கு எழுதிக் கொடுத்ததை?"

"மரம் ஏறக் கூடாதுன்னு போடலையே டாக்டர். நான் ரெண்டு தடவை படிச்சேன்."

"விழுந்தா செத்துப்போற எந்த இடத்துலயும் நிக்கக் கூடாதுன்னுதான்யா அதுக்கு அர்த்தம்!" நிப்ராஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தூக்கம் இவ்வளவு வராத வேற மாத்திரை இருக்கு. டாக்டரைப் பார்த்துட்டு வா, தரேன். அதுவும் உனக்கு எப்படி ஒத்துக்குதுன்னு தரையில இருந்து பார்த்துட்டுத்தான் மரம். முகத்தைத் துணியால மூடிக்கிட்டு ஏறு."

"நல்ல மாத்திரைதான்மா இது" என்றாள் உம் நாஹித். "பிள்ளை பொறந்தப்புறம் ராத்திரியில அழுதா ஒரு துணுக்கு கரைச்சு ஊத்தினா…"

"மாமி!" நிப்ராஸ் போட்ட சத்தத்தில் உம் நாஹித்தே அடங்கிப்போனாள். "கைக்குழந்தைக்கு இதைக் கொடுத்தா மூச்சே நின்னுபோகும். அழட்டும். பிள்ளைன்னா அழும்."

டப்பாவை வாங்கி அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதினாள்: பத்ரிய்யாவுக்கு மட்டும். அதன் கீழே: பேரீச்ச மரம் ஏறக் கூடாது. மிஸ்ஹிர் அதைப் படித்துவிட்டு மாமரத்தைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தான். பத்ரிய்யா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

திரும்பும்போது ஓடையில் ஏற்றம் தொடங்கியிருந்தது. துடுப்புக்கு அதிகம் வேலை இல்லை. தண்ணீரே படகைத் தோப்புக்குள் ஏந்திக்கொண்டு போனது. இருபக்கமும் மரங்கள் மெல்ல நகர்ந்தன. மிஸ்ஹிர் படகின் அடியில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தான்.

"வாசல்ல யாரோ வந்து நின்னாங்க" என்றான் மெதுவாக. "யா அல்லாஹ்னு கூப்பிட்டாங்க. முகம் தெரியலை. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்ம காயிப்தான். அவன்தான்னு எந்திரிச்சேன் பத்ரிய்யா. ஓடிப்போய்க் கதவைத் திறக்கணும்னு. நீதான் எந்திரிக்க விடலை."

அவள் அவன் தலைமுடியிலிருந்து மஞ்சள் தூளைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பறந்து தண்ணீரில் விழுந்தது. அவன் ஒரு தும்மல் தும்மினான். காதுக்கு அது எவ்வளவு நன்றாக இருந்தது!

"அவன் வர்றப்ப வரட்டும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றே பேசியவள், அன்றுதான் முதல் தடவையாக அதைவிட்டாள். "வந்து கூப்பிடறப்ப வாங்கன்னு சொல்ல நீ இருக்கணும். இந்த வீட்டுக்கு ஒரு காயிப் போதும்."